ரிசர்வைத் திறக்க மறந்தவர்

தலைப்பை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் எந்தப் புத்தகத்துக்கு அதிகம் என்று ஒரு போட்டி வைத்தால், என் ஓட்டு 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' புத்தகத்துக்குத்தான். அமெரிக்கர் ராபர்ட் பிர்சிக் எழுதி 1974-ல் வெளிவந்தது. ஜென் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று வாங்கினவர், டாப்பெட் சத்தத்திலும் செயின் தொய்விலும் மாட்டிக்கொண்டு முழிப்பார். பைக் ரிப்பேர் கற்றுக்கொள்ளலாம் என்று வாங்கினவர், பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் வரிசையாக வருவதைப் பார்த்து மிரண்டுபோவார். இரண்டு பேருமே ஐம்பதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

பிர்சிக் மேல் தப்பில்லை. ஜென் பற்றிய தகவலுக்கு இதை நம்பாதீர்கள், மோட்டார் சைக்கிள் விஷயத்திலும் ரொம்ப நம்பாதீர்கள் என்று புத்தகத்தின் ஆரம்பத்திலேயே எச்சரித்துவிடுகிறார். 121 பதிப்பாளர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய புத்தகம் இது. அப்புறம் லட்சக்கணக்கில் விற்றது. தத்துவப் புத்தகம் என்று ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

எனக்கு அந்தத் தத்துவத்தில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் பாதி பிடிக்கவில்லை. ஆனால், மனிதர் ஸ்பேனரும் கையுமாகத் தரையில் உட்காரும் பக்கங்கள் இருக்கின்றனவே, சும்மா சொல்லக்கூடாது, அதெல்லாம் முதல் தரம். தண்டர்பேர்ட், மீட்டியோர் என்று க்ரூஸர் வண்டி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். பக்கம் கிளம்புகிறவர்கள், ஓனர்ஸ் மேனுவலுக்கு அடுத்தபடி படிக்கவேண்டிய பக்கங்கள் அவை. மேனுவல், கையில் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும். அந்த நேரத்தில் மண்டைக்குள் என்ன ஓடும் என்று சொல்லாது. பிர்சிக் அதைச் சொல்கிறார்.

*

கதை ரொம்பச் சின்னது. 1968 கோடைக்காலம். அப்பா ஒருவர், பின்சீட்டில் பதினோரு வயது மகன் கிறிஸ். வண்டி, ஹோண்டா சூப்பர் ஹாக், 305 சிசி. கூடவே பி.எம்.டபிள்யூ வண்டியில் நண்பர் ஜான் சதர்லேண்ட், அவர் மனைவி சில்வியா. மினியாபொலிஸில் கிளம்பி மேற்கே மான்டானா மலைகள் வரை நாலு பேரும் போகிறார்கள். அதற்கு மேல் சான்ஃபிரான்சிஸ்கோ வரை அப்பாவும் பிள்ளையும் மட்டும். கதையைச் சொல்லும் அப்பாவுக்குப் புத்தகத்தில் பெயர் கிடையாது. கிட்டத்தட்ட பிர்சிக்தான். அந்த ஹோண்டா இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று மியூசியத்தின் வசம் இருக்கிறது.

ஜான் நல்ல மனுஷர். ஆனால், வண்டியின் ஒரு நட்டைக்கூடத் தொடமாட்டார். தொடத் தேவையில்லாத வண்டி என்றுதான் பி.எம்.டபிள்யூ வாங்கியிருக்கிறார். ஒருநாள் கொளுத்தும் வெயிலில் அது ஸ்டார்ட் ஆகவில்லை. சூடான எஞ்சினுக்குச் சோக்கைப் போட்டிருக்கிறார். பெட்ரோல் வாசனை குப்பென்று அடிக்கிறது. ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது, பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் காயவிடலாம் என்கிறார் பிர்சிக். ஜான் காதிலேயே வாங்காமல் உதைக்கிறார், உதைக்கிறார், உதைத்துக்கொண்டே இருக்கிறார். நம் தெருவில் தினம் ஒரு ஜானையாவது பார்க்கலாம்.

இன்னொரு தரம் ஜானின் ஹேண்டில்பார் பிடி நழுவி ஆடுகிறது. கிளாம்ப்புக்கு நடுவில் மெல்லிசாக ஒரு தகடு வைத்து இறுக்கினால் சரியாகிவிடும். காலி பீர் கேனை வெட்டினால் அருமையான அலுமினியத் தகடு, துருவும் பிடிக்காது என்கிறார் பிர்சிக். ஜானின் முகம் மாறிவிடுகிறது. ஜெர்மன்காரனின் வண்டிக்குப் பீர் கேன் வைத்தியமா? அதே தகட்டை ரகசியமாக வெட்டி எடுத்துவந்து, ஜெர்மனியில் க்ரூப் என்ற பெரும் தொழிலதிபரின் சொந்தச் சேமிப்பிலிருந்து வந்த ஸ்பெஷல் அயிட்டம் என்று கொடுத்திருந்தால் பரவசமாக வாங்கிக்கொண்டிருப்பார் என்று பிற்பாடு பிர்சிக் நினைத்துக்கொள்கிறார். ஒரிஜினல் பார்ட்ஸ் கவரைப் பார்த்தாலே பாதி ரிப்பேர் சரியான மாதிரி நிம்மதி அடைகிற எல்லாரையும் இந்த ஒரே காட்சியில் முடித்துவிட்டார்.

ஜானைக் கேலி செய்வதோடு விட்டிருந்தால் இது சாதாரணப் புத்தகம். பிர்சிக் தன் கதையையும் சொல்கிறார். அதற்கு முந்தைய ஒரு பயணத்தில், கொட்டுகிற மழையில், எஞ்சின் நின்றுவிடுகிறது. டேங்க்கை ஆட்டிப் பார்க்கிறார். உள்ளே பெட்ரோல் சளக் சளக்கென்கிறது. சரி, பெட்ரோல் இருக்கிறது. பிளக்கைப் பார்க்கிறார், பாயின்ட்டைப் பார்க்கிறார், கார்புரேட்டரைப் பார்க்கிறார். எல்லாம் ஒழுங்கு. வண்டி மட்டும் கிளம்பவில்லை. பயணத்தையே ரத்து செய்து வீடு திரும்புகிறார்கள். கிறிஸ்ஸுக்கு அழுகை. இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், கழற்றிய கார்புரேட்டரைக் கழுவலாமே என்று டேங்க்கின் குழாயைத் திறக்கிறார். ஒரு சொட்டு வரவில்லை. சளக் சளக்கென்றது ரிசர்வ் பெட்ரோல். குழாயை ரிசர்வில் திருப்பவே இல்லை!

பழைய வண்டி ஓட்டின யாருக்கும் இதைப் படித்தால் சிரிப்பு வரும். அப்புறம் சுருக்கென்று இருக்கும். அத்தனை விஷயம் தெரிந்தவருக்கு எப்படி இது தெரியாமல் போனது? மழையால்தான் வண்டி நின்றது என்று அவர் முதலிலேயே முடிவு கட்டிவிட்டார். அதன்பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அந்த முடிவுக்கு ஏற்றபடியே பட்டது. ரிப்பேரில் முக்கால்வாசித் தப்பு இப்படித்தான் நடக்கிறது. கை செய்கிற தப்பு குறைவு. அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதும் மண்டைதான் குற்றவாளி.

*

இதற்கு அவர் சொல்லும் மருந்து, ஒரு நோட்டுப் புத்தகம். பிரச்னை என்ன என்று எழுதும்போது உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள் என்கிறார். 'பிளக் போய்விட்டது' என்று எழுதக்கூடாது. 'வண்டி ஓடவில்லை' என்றுதான் எழுத வேண்டும். பிளக் என்பது சந்தேகம். அதற்குத் தனியாக ஒரு சோதனை வேண்டும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் உட்கார்ந்து ஒவ்வொரு என்ட்ரியாகத் தேட வேண்டும். சோம்பேறிக் கணக்கர் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு, இரண்டு பக்கமும் சமம் என்று கோடு போட்டுவிடுவார். சோதிக்காமல் பிளக்கை மாத்து, காயிலை மாத்து, பாட்டரியை மாத்து என்று போகிற மெக்கானிக்கும் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் ஆசாமிதான். நாலாவது பொருளை மாற்றும்போது வண்டி கிளம்பிவிடும். எதனால் நின்றது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. பில் மட்டும் நமக்குத் தெரியும்.

1955-லிருந்து சென்னையில் உருவாகும் புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் வைத்த பழைய புல்லட்டை உதைக்கிறது ஒரு கலை என்பார்கள். அது கலை கிடையாது, அம்மீட்டர் முள்ளைப் படிக்கத் தெரிவது. சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வந்த இடத்தில், டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கொஞ்சூண்டு தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே உதை. சோனி ஆசாமி உதைத்தாலும் கிளம்பும். முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் பயில்வானையும் திருப்பி உதைக்கும். வண்டி ஒரு சேதி சொல்கிறது, நீங்கள் அதைக் கேட்கிறீர்கள். பிர்சிக் நானூறு பக்கத்தில் சொல்ல வருவதும் கிட்டத்தட்ட இதுதான்.

இதெல்லாம் அந்தக் காலத்துக் கதை சார், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், கம்ப்யூட்டர் என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். மீட்டியோரில் ரிசர்வ் குழாய் கிடையாது. ஆனால், கில் ஸ்விட்ச் இருக்கிறது. வண்டி கிளம்பவில்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுகிறவர்களில் எத்தனை பேர் முதலில் அந்தச் சிவப்பு ஸ்விட்ச்சைப் பார்க்கிறார்கள்? சைடு ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் எஞ்சின் அணையும்படி செய்திருக்கிறார்கள். அது தெரியாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. கில் ஸ்விட்ச், ஸ்டாண்டு, நியூட்ரல் விளக்கு, பெட்ரோல், பாட்டரி முனை. இந்த ஐந்தையும் இதே வரிசையில் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகாது. ரிசர்வ் குழாய்தான் போய்விட்டது, ரிசர்வை மறக்கும் மண்டை அப்படியே இருக்கிறது.

தினசரிப் பராமரிப்பிலும் இதே கதைதான். டயரில் காற்று, ஆயில் அளவு, செயின் தொய்வு, பிரேக் பேடு, கிளட்ச் கேபிளின் விளையாட்டு. இதற்கெல்லாம் இன்ஜினீயரிங் பட்டம் தேவையில்லை. வாரத்துக்கு ஒருநாள் கால் மணி நேரம் வண்டி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். செயினை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் தொய்வாகவும் இன்னோர் இடத்தில் விறைப்பாகவும் இருந்தால், இறுக்கிப் பிரயோஜனம் இல்லை. செயின் ஆயுசு முடிகிறது என்று அர்த்தம். இதைக் கம்ப்யூட்டர் சொல்லாது, விரல்தான் சொல்லும்.

*

புத்தகத்தில் நான் அடிக்கோடிட்ட இடங்களில் முக்கியமானது, உற்சாகம் எப்படி வடிகிறது என்று பிர்சிக் போடும் பட்டியல். எஞ்சினைக் கழற்றி மாட்டி முடித்து நிமிர்ந்தால் தரையில் ஒரு புஷ் மிச்சமிருக்கும். போச்சு, முதலிலிருந்து கழற்று. இதற்கு அவர் சொல்கிற வழி, தரையில் பேப்பரை விரித்து, கழற்றக் கழற்ற இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரிசையாக அடுக்கி வையுங்கள். மாட்டும்போது தலைகீழ் வரிசையில் எடுங்கள். நம்மூர்த் தெருமுனை மெக்கானிக்குகள் பல பேர் யாரும் சொல்லிக் கொடுக்காமலே இதைச் செய்கிறார்கள்.

அதே பட்டியலில் நம்மூர் சமாசாரமும் ஒன்று வருகிறது. தென்னிந்தியக் குரங்குப் பொறி என்றே பெயர் சொல்லி எழுதுகிறார். தேங்காயைக் குடைந்து உள்ளே அரிசி போட்டு, முளையில் கட்டி வைப்பார்கள். குரங்கு கையை விட்டு அரிசியை அள்ளும். மூடிய கை வெளியே வராது. அரிசியை விட்டால் தப்பிக்கலாம். விடாது, மாட்டிக்கொள்ளும். 'இது கார்புரேட்டர் கோளாறேதான்' என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்திருப்பவரின் கை, அந்தத் தேங்காய்க்குள்தான் இருக்கிறது. பிர்சிக் இளவயதில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் படித்தவர். தேங்காய்க் கதையை இங்கேதான் பிடித்தாரோ என்னவோ!

*

எல்லாம் சரி. எனக்கு இந்தப் புத்தகத்தோடு இரண்டு சண்டை உண்டு.

முதல் சண்டை, மெக்கானிக்குகள் பற்றி. பிர்சிக்கின் வண்டி ஒருமுறை ஓட்டத்திலேயே இறுகிப்போகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விடுகிறார். ரேடியோ அலறுகிறது. சிரித்துப் பேசும் இளைஞர்கள் சுத்தியலும் உளியுமாக எஞ்சினைக் காயப்படுத்துகிறார்கள். எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்டுகளைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை. கடைசியில் பிர்சிக்கே தேடிக் கண்டுபிடிக்கிறார். உள்ளே ஆயில் போகும் வழியில் 25 சென்ட் விலையுள்ள ஒரு சின்ன பின் உடைந்திருக்கிறது. அதனால் வேகமாகப் போகும்போது ஆயில் மேலே ஏறவில்லை. இவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று பிர்சிக் எழுதுகிறார். பிரமாதமான வார்த்தை. ஆனால், அந்தப் பையன்களுக்கு என்ன சம்பளம், ஒரு நாளைக்கு எத்தனை வண்டியை முடிக்கச் சொல்கிறார்கள் என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ஜாப் கார்டில் எண்ணிக்கைதான் கணக்கு என்றால், ஒரு பின்னைத் தேடி அரை நாள் செலவழிக்கிற மெக்கானிக் நஷ்டக் கணக்கில் வருவார். அவரால் அக்கறையாக இருக்க முடியாது. இருந்தால் வேலை போய்விடும். பிர்சிக்குக்கு அவர் சொந்த வண்டி, சொந்த ஷெட், சொந்த நேரம். அக்கறைக்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு இல்லாமல் அக்கறையைப் பற்றி உபதேசம் செய்வது சுலபம்.

இரண்டாவது சண்டை பெரியது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையன் பற்றி.

இந்த அப்பா ஒருகாலத்தில் மனம் பேதலித்து ஆஸ்பத்திரியில் மின் அதிர்ச்சி சிகிச்சை வாங்கியவர். அதற்கு முந்தைய தன்னைப் பற்றி வேறு யாரோ ஆள் மாதிரிப் பேசுகிறார். ஆனால், கிறிஸ்ஸுக்கு அந்தப் பழைய அப்பாவைத்தான் ஞாபகம். பயணம் பூராவும் பையன் வயிறு வலிக்கிறது என்கிறான், முரண்டு பிடிக்கிறான், அழுகிறான். உடம்பில் கோளாறு இல்லை, மனசில்தான் என்று டாக்டர்கள் அரசல்புரசலாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்ன செய்கிறார்? மைல்ஸ் சிட்டியில் காலையில் எழுந்து, எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று பார்த்து, டாப்பெட்டின் இடைவெளியைப் பொறுமையாகச் சரிசெய்கிறார். அவ்வளவு சன்னமான சத்த வித்தியாசம் அவர் காதில் விழுகிறது. ஓர் அடி பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் சத்தம் விழவில்லை. விழுந்தாலும் எரிச்சல்தான் வருகிறது. ஜான் பி.எம்.டபிள்யூவை உதைத்துக்கொண்டே இருந்தாரே, அதே மாதிரி இவர் பையனை அதட்டிக்கொண்டே இருக்கிறார்.

மெஷினிடம் காட்டுகிற அக்கறை மனிதர்களிடமும் தானாக வந்துவிடும் என்று புத்தகம் வாதாடுகிறது. புத்தகத்தின் கதையே அதற்கு எதிர்சாட்சி சொல்கிறது. மெஷின் சுலபம். அது பதிலுக்கு முறைக்காது. பழசைச் சொல்லிக் காட்டாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கறுப்பா, பழுப்பா என்று தெரிந்துவிடும். பிள்ளைக்கு அப்படி ஒரு பிளக் கிடையாது. வீட்டில் பேச வேண்டியதைப் பேசாமல் ஷெட்டுக்குள் போய் வண்டி துடைக்கிற அப்பாக்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.

பிர்சிக் இதை அறியாமல் எழுதினாரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் இது பெரிய புத்தகம். கடைசியில் கலிஃபோர்னியா கடற்கரைப் பக்கம், நீ நிஜமாகவே பைத்தியமாக இருந்தாயா என்று பையன் கேட்டேவிடுகிறான். இல்லை என்கிறார் அப்பா. எனக்குத் தெரியும் என்கிறான் பையன். இத்தனை ஆயிரம் மைலும் அவனுக்குத் தெரிந்தது அப்பாவின் முதுகுதான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்ற பிறகுதான் அப்பாவின் தோளுக்கு மேலே ரோடு தெரிகிறது. அவன் பின்னால் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அந்த அப்பா அதுவரை யோசித்ததே இல்லை. புத்தகத்தில் நடக்கிற ஒரே பெரிய ரிப்பேர் இதுதான். அதற்கு ஸ்பேனர் தேவைப்படவில்லை.

1979 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில், ஜென் மையத்துக்கு வெளியே வழிப்பறிக்காரர்கள் கிறிஸ்ஸைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். 22 வயது. பிற்பாடு வந்த பதிப்பில் பிர்சிக் அதைப் பற்றி ஒரு பின்னுரை சேர்த்தார். அதைப் படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனால், பின்சீட்டில் அந்தப் பையன் பேசுகிற ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி காதில் விழுகிறது. பிர்சிக் 2017-ல் தன் 88-வது வயதில் காலமானார்.

ஆகவே வாங்குங்கள். தத்துவம் கழுத்தறுக்கும் இடங்களில் தாராளமாகப் பக்கத்தைத் தள்ளுங்கள். ரிப்பேர் பக்கங்களை இரண்டு தரம் படியுங்கள். பையன் பேசும் இடங்களை மூன்று தரம். அடுத்த ஞாயிறு செயினுக்கு லூப் அடிக்கும்போது வீட்டு வாண்டையும் பக்கத்தில் உட்காரவைத்து, சக்கரத்தைச் சுற்றும் வேலையை அதன் கையில் கொடுங்கள். செயின் எந்த இடத்தில் விறைக்கிறது என்று அது கண்டுபிடிக்கட்டும். கொஞ்சம் லேட்டாகும். ஆகட்டுமே.